வைட்டமின் மேசையிலிருந்து கல்லீரலுக்கு: ஜூலியஸ் ஆக்செல்ராட்



காய்ச்சல்னா நம்ம கை உடனே தேடுவது பாராசிட்டமால். ஜிம்முக்குப் போற நண்பனின் பையில் மல்டிவைட்டமின் டப்பாவும் காபீன் கலந்த ப்ரீ-வொர்க்அவுட் பவுடரும் இருக்கும். வீட்டில் யாராவது பிரஷர் மாத்திரையோடு சேர்த்து ஒரு மூலிகைக் கேப்ஸ்யூலும் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்று மருந்து, ஒன்று சப்ளிமெண்ட், ஒன்று இயற்கை என்று நாம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் வாய் வழியாக உள்ளே போகிற இவை எல்லாம் குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் உடம்புக்குள் போகணும். அந்த வழியில் உட்கார்ந்து வேலை செய்கிற என்சைம்களைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர்தான் இந்த மாத நாயகன்.

பெயர் ஜூலியஸ் ஆக்செல்ராட். மெடிக்கல் சீட் கிடைக்காதவர். லேப் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். நாற்பது வயது தாண்டும் வரை பிஎச்.டி. இல்லாதவர். 1970-இல் நோபல் பரிசு வாங்கியவர்.

போஸ்ட் ஆபீஸா, லேபா?

1912 மே 30 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் போலந்து பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். பூக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கூடை செய்து கொடுப்பது அப்பாவின் தொழில். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடில்தான் வீடு. கையில் காசு இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் ஃபீஸ் கட்டாமல் படிக்கக்கூடிய சிட்டி காலேஜில் சேர்ந்து 1933-இல் டிகிரி முடித்தார்.

டாக்டர் ஆகணும் என்பதுதான் ஆசை. விண்ணப்பித்த மெடிக்கல் காலேஜ்கள் எல்லாம் கதவை மூடின. அப்போது அமெரிக்காவின் பல மருத்துவக் கல்லூரிகளில் யூத மாணவர்களை ஒரு எண்ணிக்கைக்கு மேல் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத கட்டுப்பாடு இருந்தது. அதோடு அது பெருமந்தக் காலம். நாடு முழுக்க வேலை இல்லை. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தபால் துறையில் நிரந்தர வேலை. இன்னொன்று, மாதம் 25 டாலருக்கு நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் உதவியாளர் வேலை. ஆக்செல்ராட் லேபைத் தேர்ந்தெடுத்தார். பிளேஸ்மெண்ட் சீசனில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1935-இல் நகரச் சுகாதாரத் துறை தொடங்கியிருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அங்கே அவர் வேலை என்ன தெரியுமா? உணவுப் பொருட்களில் சேர்க்கப்படும் வைட்டமின்களை அளப்பது. பாலில் சொன்ன அளவு வைட்டமின் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிப்பது. இன்றைய பாஷையில் சொன்னால் சப்ளிமெண்ட் டெஸ்டிங் லேப். பதினோரு வருடம் அதே வேலை.

அந்த லேபில்தான் ஒருநாள் அம்மோனியா பாட்டில் வெடித்து இடது கண் பார்வை போனது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் கறுப்பு அடித்த கண்ணாடியோடுதான் அவரைப் பார்க்க முடியும். பகலில் வைட்டமின், இரவில் வகுப்பு என்று ஓடி 1941-இல் மாஸ்டர்ஸ் முடித்தார். வேலை சலிப்பானதுதான். ஆனால் அது ஒரு பெரிய விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒரு சிக்கலான கலவைக்குள் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு பொருளை எப்படிப் பிரித்தெடுத்து அளப்பது என்ற கைப்பழக்கம்தான் அது. ஜர்னல்களில் வரும் முறைகளைப் படித்து, தன் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைப்பதில் கெட்டிக்காரர் ஆனார். பின்னால் அவர் செய்த எல்லாமே இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது.

தலைவலி மாத்திரையும் நீலம் பாரித்த உடம்பும்

1946-இல் அந்த லேபின் தலைவர் ஜார்ஜ் வாலஸ் ஒரு பிரச்சினையைக் கொடுத்தார். அசிட்டனிலைடு என்ற தலைவலி மருந்து அப்போது பரவலாக விற்றது. அதை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் ஏறியது. ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின் அது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஏன் இப்படி? இதைப் பற்றிப் பேச, கோல்ட்வாட்டர் மெமோரியல் மருத்துவமனையில் இருந்த பெர்னார்ட் பிராடி என்ற ஆராய்ச்சியாளரிடம் ஆக்செல்ராட் அனுப்பப்பட்டார்.

பிராடியின் பார்வை புதுசு. மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்காதே, உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்று பார் என்பதுதான் அவர் வழி. அசிட்டனிலைடு உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறுகிறதோ? இருவரும் ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடினார்கள். வைட்டமின் மேசையில் பழகிய கை இங்கே கை கொடுத்தது.

விடை இரண்டு பகுதியாக வந்தது. அசிட்டனிலைடின் ஒரு சிறு பங்கு அனிலீன் ஆகிறது. நீலம் பாரிப்பதற்குக் காரணம் அதுதான். பெரும் பங்கு இன்னொரு பொருளாக மாறுகிறது. வலியைக் குறைப்பது உண்மையில் அந்தப் பொருள்தான். அப்படியென்றால் நேராக அதையே கொடுத்தால் போதுமே! அந்தப் பொருள்தான் பாராசிட்டமால். அது 19-ஆம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்டுப் பிறகு ஓரங்கட்டப்பட்ட பொருள். 1948-இல் பிராடி, ஆக்செல்ராட் கட்டுரைக்குப் பிறகு அதற்கு மறுபிறவி கிடைத்தது. 1950-களின் நடுவில் அமெரிக்கா, பிரிட்டன் கடைகளுக்கு வந்தது. இன்று நம்ம ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வந்துவிட்டது.

முயல் கல்லீரலில் ஒளிந்திருந்த இயந்திரம்

1949-இல் ஆக்செல்ராட் பெதெஸ்தாவில் இருக்கும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போனார். பிராடியின் குழுவும் அங்கேதான். காபீன் மனித உடம்பில் என்ன ஆகிறது, ஆம்ஃபெட்டமைன், எஃபெட்ரின் எல்லாம் எங்கே போய் மறைகின்றன என்று வரிசையாக ஆராய்ந்தார்.

அப்போது ஸ்மித் க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனத்தின் ஒரு விசித்திரமான பொருள் கைக்கு வந்தது. எஸ்.கே.எஃப்.-525ஏ என்று பெயர். அதைத் தனியாகக் கொடுத்தால் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்காது. ஆனால் ஒரு தூக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், விலங்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தூங்கும். ஒரே ஒரு மருந்தோடு மட்டும் என்றால் தற்செயல் எனலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மருந்துகளோடும் இதே கதை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இது பழகிய லாஜிக்தான். ஒரே ஒரு வால்வை மூடினால் பத்துக் குழாய்களில் தண்ணீர் தேங்குகிறது என்றால், பத்துக்கும் பொதுவான வடிகால் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பல மருந்துகளை வெளியேற்றும் பொதுவான ஏதோ ஒன்றை இந்தப் பொருள் அடைக்கிறது என்று ஆக்செல்ராட் ஊகித்தார். அந்தப் பொது வடிகாலைத் தேடி 1953-இல் முயல் கல்லீரலை எடுத்தார்.

கல்லீரலை அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, செல்லின் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆம்ஃபெட்டமைனைப் போட்டுப் பார்த்தார். எந்தப் பாகமும் தனியாக வேலை செய்யவில்லை. மைக்ரோசோம் என்ற நுண்துகள் பாகத்தையும் மேலே மிதக்கும் திரவத்தையும் சேர்த்தபோதுதான் மருந்து மறைந்தது. தோண்டிப் பார்த்ததில், என்சைம் இருப்பது மைக்ரோசோமில் என்றும், திரவம் கொடுப்பது இன்று நாம் என்.ஏ.டி.பி.எச். என்று அழைக்கும் எலக்ட்ரான் தரும் பொருளை என்றும் தெரிந்தது. கூடவே ஆக்சிஜனும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் இயந்திரம் ஓடும். இதே ஏற்பாடு வேறு பல மருந்துகளையும் உடைத்தது.

மருந்துகளை உடைக்கும் என்சைம் குடும்பத்தின் வாசல் அங்கேதான் திறந்தது. சில வருடங்கள் கழித்து ஜப்பானின் ஓமுராவும் சாட்டோவும் அந்த என்சைமின் நிறமியை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டால் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதால் சைட்டோகுரோம் பி450. மனிதர்களிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் மருந்துகளில் மிகப் பெரிய பங்கைக் கையாள்வது அதில் 3ஏ4 என்ற ஒரே உறுப்பினர்.

பெயர் யாருக்கு?

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் கண்டுபிடித்தவர் பெயரளவில் ஒரு டெக்னீஷியன். விஷயம் தெரிந்ததும் பிராடி மொத்தக் குழுவையும் இந்த வேலையில் இறக்கினார். 1955-இல் வந்த கட்டுரையில் ஏழு பெயர்கள். முதல் பெயர் பிராடி. ஆக்செல்ராட் ஏழில் ஒருவர். பதவி உயர்வு கேட்டபோதும் டாக்டர் பட்டம் இல்லை என்ற காரணத்தால் கிடைக்கவில்லை.

இது அவரை உள்ளுக்குள் காயப்படுத்தியது. பிராடி இல்லையென்றால் தான் ஆராய்ச்சியாளர் ஆகியிருக்கவே முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். குருவிடம் கற்றதும் குருவிடம் பட்டதும் ஒரே கணக்கில் வந்தது. அவர் சண்டை போடவில்லை. நாற்பது வயதுக்கு மேல், குடும்பத்தோடு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். மருந்துகளின் மாற்றம் பற்றி ஏற்கெனவே செய்த வேலையையே ஆய்வேடாகக் கொடுத்து 1955-இல் பிஎச்.டி. வாங்கினார். அதே வளாகத்தில் தேசிய மனநல நிறுவனத்தில் சொந்த லேப் அமைத்துக்கொண்டார்.

அங்கிருந்து அவர் வேகம் நிற்கவில்லை. மருந்துகளோடும் பிலிருபினோடும் சர்க்கரை அமிலம் ஒன்றை ஒட்டவைத்து வெளியே அனுப்பும் வேலையை ஆராய்ந்து, பிறவியிலேயே வரும் ஒருவகை மஞ்சள்காமாலைக்குக் காரணம் அந்த வேலையில் உள்ள குறை என்று 1957-இல் சக ஆய்வாளர்களோடு காட்டினார். பிறகு மூளைப் பக்கம் திரும்பினார். நரம்பு நுனி வெளியே விடும் நோரட்ரீனலினை அதே நுனி மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று கண்டார். மன அழுத்த மருந்துகள் பலவும் இந்த மறு உறிஞ்சலைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்பது இதன் மூலம் விளங்கியது. 1970-இல் உல்ஃப் வான் ஆய்லர், பெர்னார்ட் காட்ஸ் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த வால்வு இப்போ நம்ம கையில்

நோபல் மூளைக்காகக் கிடைத்தது. ஆனால் நம்ம தினசரி வாழ்க்கையைத் தொடுவது கல்லீரல் வேலைதான். எஸ்.கே.எஃப்.-525ஏ லேபுக்குள் இருந்த ஒரு பொருள். அதே வால்வை மூடவோ அகலமாகத் திறக்கவோ கூடிய பொருட்கள் பழத்திலும் மூலிகையிலும் கேப்ஸ்யூலிலும் இருக்கின்றன என்பது பின்னால்தான் தெரிய வந்தது.

முதலில் மூடுவது. 1989-இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்தையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் மது இல்லை, ஜூஸ். அதில் உள்ள ஃபுரானோகுமரின்கள் குடல் சுவரில் இருக்கும் 3ஏ4 என்சைமை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கின்றன. உடம்பு புது என்சைம் தயாரிக்கும் வரை, ஒன்றிரண்டு நாளைக்கு, வடிகால் அடைபட்டே கிடக்கும். காலையில் ஜூஸ், மாலையில் மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் தப்ப முடியாது.

அடுத்து, திறப்பது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாக மனச்சோர்வுக்குப் பயன்படும் மஞ்சள் பூ மூலிகை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது மாதிரியானவை சப்ளிமெண்ட் என்ற பெயரில் விற்கலாம். மருந்துக்குக் கேட்பது போல விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. 2000-இல் பெதெஸ்தாவில், ஆக்செல்ராட் வேலை செய்த அதே தேசிய சுகாதார நிறுவனத்தில், எட்டு ஆரோக்கியமான ஆட்களுக்கு இந்த மூலிகையை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து அவர்கள் ரத்தத்தில் சராசரியாக 57 சதவீதம் குறைந்துபோனது. மருந்தின் அளவைக் குறைக்கவில்லை. உடம்பு அதை அவ்வளவு வேகமாக உடைத்துத் தள்ளியது. எச்.ஐ.வி. மருந்து குறைந்தால் வைரஸ் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும்.

அதே வருடம் சூரிச்சிலிருந்து இரண்டு நோயாளிகளின் கதை வெளியானது. இருவரும் இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். மாற்று இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின் சாப்பிட்டு வந்தார்கள். கூடவே செயின்ட் ஜான்ஸ் வோர்ட். சைக்ளோஸ்போரின் அளவு சரிந்தது. உடம்பு புது இதயத்தை நிராகரிக்க ஆரம்பித்தது. மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது.

எப்படி நடக்கிறது? அந்த மூலிகையில் உள்ள ஹைப்பர்ஃபோரின், செல்லுக்குள் இருக்கும் பி.எக்ஸ்.ஆர். என்ற உணரியில் போய் ஒட்டுகிறது. அந்நியப் பொருள் நிறைய வருகிறது, ஆள் பலத்தைக் கூட்டு என்று மரபணுவுக்குச் செய்தி போகிறது. செல் கூடுதலாக 3ஏ4 தயாரிக்கிறது. என்சைம் பெருகுவதற்குச் சில நாட்கள் ஆகும். அதனால் மூலிகையை ஆரம்பித்த அன்றே பிரச்சினை தெரியாது. சந்தேகமும் வராது. அதுதான் ஆபத்து.

இதே ஹைப்பர்ஃபோரின் நோரட்ரீனலின் போன்ற பொருட்களின் மறு உறிஞ்சலையும் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதாவது ஆக்செல்ராட் மூளையில் கண்டது, கல்லீரலில் கண்டது, இரண்டையும் ஒரே மூலிகை தொடுகிறது. மனசுக்கு நல்லது என்று சாப்பிடுகிறவருக்கு, கல்லீரலிலும் ஏதோ நடக்கிறது என்று டப்பாவைப் பார்த்து எப்படித் தெரியும்?

நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணமும் உண்டு. மஞ்சள் கேப்ஸ்யூல்களில் மிளகின் பைப்பெரினையும் சேர்த்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பெரின் சேர்த்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் பல மடங்கு கூடியது. மஞ்சளை வெளியே தள்ளும் சர்க்கரை அமில ஒட்டு வேலையைப் பைப்பெரின் மந்தமாக்குகிறது என்பதே அதற்குத் தந்த விளக்கம். சரி, அந்த என்சைம்கள் மஞ்சளுக்காக மட்டுமா இருக்கின்றன? வலிப்புக்கான ஃபெனிடாயின், இதயத்துக்கான ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவும் பைப்பெரினோடு சேரும்போது ரத்தத்தில் கூடுவதாக மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரசத்தில் போடும் மிளகைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரித்தெடுத்து, அடர்த்தியாக்கி, தினமும் விழுங்கும் கேப்ஸ்யூல்தான் இங்கே பேச்சு.

ப்ரீ-வொர்க்அவுட் ஆசாமிகளுக்கும் ஒன்று. காபீனை உடைப்பது 1ஏ2 என்ற என்சைம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதை அடைக்கும். அந்தக் கோர்ஸ் ஓடும்போது வழக்கமான ஸ்கூப் போட்டால், காபீன் வழக்கத்தைவிட நெடுநேரம் உடம்பில் சுற்றும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாராசிட்டமாலின் மறுபக்கம்

ஆக்செல்ராட் வாழ்க்கையின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஓரிடத்தில் நேருக்கு நேர் சந்தித்தன. பாராசிட்டமாலின் பெரும்பகுதி பத்திரமாக வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கை மட்டும் பி450 என்சைம் விஷப் பொருளாக மாற்றும். சாதாரண அளவில் நம்ம உடம்பின் குளுட்டாதயோன் அந்த விஷத்தைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு மது இந்த என்சைமைப் பெருக்கிவிடுவதால் ஆபத்து அதிகம். இதை 1973-இல் விளக்கிய குழுவில் ஒருவர் அதே பிராடி. அவர்கள் லேப் கொடுத்த மருந்தை, அவர்கள் லேப் கண்ட என்சைமே விஷமாக்குகிறது! இதற்கு மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். அதையும் இன்று சப்ளிமெண்டாக விற்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

ஆக்செல்ராட் 1984-இல் ஓய்வு பெற்றார். ஆனாலும் லேபை விடவில்லை. விருந்தினர் ஆய்வாளராகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆய்வு வெளியானபோது அவருக்கு 87 வயது. 2004 டிசம்பர் 29 அன்று தன் 92-ஆவது வயதில் காலமானார்.

அவர் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். என்சைமுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. மருந்து, உணவு, மூலிகை என்ற பிரிவெல்லாம் கடைக்கும் சட்டத்துக்கும்தான். நம்ம நாட்டிலும் சப்ளிமெண்டுகள் உணவுச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. மூலக்கூறின் வடிவம் பொருந்தினால் என்சைம் அதைப் பிடிக்கும், அல்லது அதனிடம் மாட்டிக்கொள்ளும்.

அதனால் டாக்டர் வேற என்ன மருந்து சாப்பிடறீங்க என்று கேட்டால், மாத்திரைகளை மட்டும் சொல்லாதீர்கள். புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், மஞ்சள் கேப்ஸ்யூல், ஆன்லைனில் வாங்கிய மூலிகை எல்லாவற்றையும் சொல்லுங்கள். டப்பாவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்து, எச்.ஐ.வி. மருந்து, கருத்தடை மாத்திரை இவற்றில் ஏதாவது சாப்பிடுபவர்கள், கேட்காமல் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகவே எதையும் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வால்வு திடீரென்று மாறினாலும் மருந்தின் அளவு மாறும்.

இன்று இரவு வீட்டுக்கு போன் பண்ணும்போது, அப்பா அம்மா மாத்திரையோடு வேற என்னவெல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கட்டும்.